கைகள் பேசிய படங்கள்: மௌனக் குறும்படங்களில் நடிப்பு எப்படி இயல்பானது?

நூறு வருஷத்துக்கு முந்தைய மௌனக் குறும்படம் ஒன்றை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி, "எதற்கு இவ்வளவு மிகையான நடிப்பு?" என்பதுதான். துக்கம் வந்தால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி நீட்டுகிறார்கள். காதல் வந்தால் கை நெஞ்சுக்குப் போகிறது. பயம் வந்தால் உடம்பு முழுவதும் பின்னால் வளைகிறது. அந்தக் காலத்து ஆட்களுக்கு நடிக்கத் தெரியவில்லை, போகப் போகக் கற்றுக்கொண்டார்கள் என்று நாமே ஒரு முடிவு கட்டிவிடுகிறோம்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் மேடையில் தேறி வந்தவர்கள். ஒவ்வொரு அசைவையும் தெரிந்தே செய்தார்கள். ஏறக்குறைய 1908-க்கும் 1913-க்கும் நடுவில் அவர்களுடைய வேலையே வேறாக மாறியது. அதனால் நடிப்பும் மாறியது. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு: நடிகர்களின் கைகளைக் கவனிப்பது.

அதற்கு முன் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்குக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு சட்டகங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்) என்ற அளவில்தான் பல படங்கள் ஓடின. பேசும் படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்பது பொது அளவாயிற்று. பதினாறில் எடுத்த படத்தை 24-இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடக்கும். மெதுவாகக் கையை உயர்த்தியவர் வெடுக்கென்று உயர்த்துவதுபோலத் தெரிவார். நாம் மிகை நடிப்பு என்று குறை சொல்வதில் ஒரு பங்கு, தவறான வேகத்தில் ஓட்டியதன் விளைவு. நடிகர்மேல் பழி போடுவதற்கு முன் இதைக் கழித்துவிட வேண்டும்.

சரி, தொடக்கத்துக்குப் போவோம். 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வைத்துக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவானவை. அவற்றில் ஒன்றில் ஓகுஸ்ட் லூமியேரும் அவர் மனைவியும் தோட்டத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு உணவு ஊட்டுகிறார்கள். குழந்தை கையிலிருக்கும் பிஸ்கட்டைச் சட்டகத்துக்கு வெளியே யாருக்கோ நீட்டுகிறது. பின்னால் காற்றில் இலைகள் அசைகின்றன. அன்றைக்குப் பார்த்தவர்களைக் குழந்தையைவிட அந்த இலைகளே அதிகம் வியக்கவைத்தன என்று சொல்வார்கள். மேடைத் திரையில் வரைந்த மரங்கள் அசையாது. இங்கே அசைந்தன. சினிமாவில் யதார்த்தம் என்ற எண்ணம் நடிகரிடமிருந்து தொடங்கவில்லை, இப்படிப்பட்ட இலைகளிலிருந்து தொடங்கியது என்று எனக்குப் படுகிறது.

அதே நிகழ்ச்சியில் காட்டிய இன்னொரு படத்தில் ஒரு தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுபோக, தோட்டக்காரர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான், தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடிக்கிறது. தோட்டக்காரர் நடிகர் அல்ல. லூமியேர் வீட்டில் தோட்ட வேலை பார்த்த பிரான்சுவா கிளேர் என்பவர். அவர் தண்ணீர் விடும் விதத்தில் நடிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை, அது அவருடைய அன்றாட வேலை. ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஓடும் பையனைத் துரத்திப் பிடித்ததும் அவர் அங்கேயே அடிக்கவில்லை. காதைப் பிடித்துக் கேமராவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்து, நமக்குத் தெரியும்படி நிறுத்தி அடிக்கிறார். அந்த நான்கைந்து எட்டுகளில்தான் ஒரு தோட்டக்காரர் நடிகராகிறார். பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் உடம்புக்குள் வந்துவிட்டது.

கதைப் படங்கள் பெருகியபோது அந்த எண்ணத்தை நிறைவேற்ற ஆயத்தமாக ஒரு வழி இருந்தது: மேடை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலைநாட்டு மேடையில், குறிப்பாக உணர்ச்சியை மிகைப்படுத்தும் மெலோட்ராமா நாடகங்களில், உணர்ச்சிக்கு ஒரு சைகை என்று வழக்கம் ஊறிப்போயிருந்தது. பிரான்சுவா டெல்சார்ட் என்ற பிரெஞ்சு ஆசிரியர் உடலின் ஒவ்வொரு நிலையும் எந்த மனநிலையைக் காட்டும் என்று வகுத்துக் கற்பித்தார். அவர் 1871-இல் இறந்துவிட்டார். அவருடைய முறை அமெரிக்காவுக்குப் போய், படங்களுடன் கூடிய பயிற்சிக் கையேடுகளாக ஊரெங்கும் பரவியது. நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. பரதநாட்டியத்தில் ஒரு முத்திரையைப் பிடித்துக் காட்டினால், நிஜ வாழ்க்கையில் யாராவது இப்படிக் கை வைப்பார்களா என்று நாம் கேட்பதில்லை. முத்திரை தெளிவாக, அழகாக, சரியான நேரத்தில் வந்ததா என்றுதான் பார்ப்போம். 1908-இல் ஒரு திரைப்பட நடிகை கைகளை மேலே நீட்டியபோது அன்றைய ரசிகரும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்.

இந்தச் சைகைகள் திரைக்கு அப்படியே வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் பழக்கம் மட்டும் அல்ல. கேமரா தூரத்தில் நின்றது. நடிகரின் தலைமுதல் கால்வரை முழுவதும் தெரிய வேண்டும், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அந்தத் தூரத்தில் முகம் திரையில் சிறிதாகத்தான் விழும். பிலிமுக்குச் சிவப்பு நிறம் பிடிபடாது. உதடும் கன்னமும் கறுத்துத் தெரியும் என்பதால் முகத்தில் வெள்ளைப் பூச்சு அப்பினார்கள். புருவம் சற்றே நெளிவதோ உதடு துடிப்பதோ யாருக்கும் தெரியாது. கை தெரியும். ஆகவே முகம் செய்ய வேண்டிய வேலையையும் கை செய்தது. 1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெய்ன் ராபரி'யில் ரயில் பயணிகள் கூட்டமாக வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒருவர் தப்பி ஓடிச் சுடப்படுகிறார். அவர் கைகளை விரித்து விழவில்லை என்றால், அத்தனை பேருக்கு நடுவில் என்ன நடந்தது என்றே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இப்போது நியூயார்க்குக்கு வருவோம். பதினான்காம் தெருவில் பயோகிராஃப் கம்பெனியின் ஸ்டுடியோ. 1908-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் என்ற மேடை நடிகர் அங்கே இயக்குநரானார். 1913 வரை நானூறுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். பெரும்பாலானவை ஒரு ரீல், அதாவது ஆயிரம் அடி பிலிம், பத்துப் பதினைந்து நிமிஷம். ஒரே கம்பெனி, ஒரே இயக்குநர், பில்லி பிட்ஸர் என்ற ஒளிப்பதிவாளர், திரும்பத் திரும்ப வரும் கதைகள். மாற்றத்தைப் படிப்படியாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. படங்களும் மிஞ்சியிருக்கின்றன. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்குத் தனி இடம் இல்லை. புகைப்படம் என்றுதான் பதிவு செய்ய முடியும். அதனால் கம்பெனிகள் படத்தை நீளமான காகிதச் சுருளில் அச்சிட்டு வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் கொடுத்துவைத்தன. எத்தனையோ பிலிம் சுருள்கள் எரிந்தும் மக்கியும் போயின. காகிதம் நின்றது. யாரோ ஒரு குமாஸ்தா வாங்கி அடுக்கிய அந்தச் சுருள்களால்தான் இன்று இதைப் பற்றிப் பேச முடிகிறது. நினைக்க நினைக்க நன்றியாக இருக்கிறது.

அந்தப் படங்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1909-இல் வந்த 'எ டிரங்கர்ட்ஸ் ரிஃபார்மேஷன்' ஒரு குடிகாரக் கணவன் திருந்தும் கதை. 1912-இல் வந்த 'புரூட்டாலிட்டி' ஒரு முரட்டுக் கணவன் திருந்தும் கதை. இரண்டிலும் கணவன் ஒரு நாடகம் பார்க்கப் போகிறான், மேடையில் தன்னையே பார்க்கிறான், மனம் மாறுகிறான். இரண்டிலும் அதற்கு முன், மனைவி தனியாக விடப்பட்டுக் கலங்கும் காட்சி உண்டு.

1909 படத்தில் மனைவியாக நடித்தவர் லிண்டா ஆர்விட்சன். கணவன் போனதும் நாற்காலியில் விழுகிறார், மேசைமேல் கைகளை நீட்டித் தலையைச் சாய்க்கிறார், அப்புறம் மண்டியிட்டு இரு கைகளையும் உயரே நீட்டிக் கடவுளை வேண்டுகிறார். ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக, நிறுத்தி, தெளிவாக வருகிறது. எந்த இடத்தில் படத்தை நிறுத்தினாலும் சுவரில் மாட்டும் ஓவியம்போல இருக்கும்.

1912 படத்தில் மனைவி மே மார்ஷ். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்குகிறார். நிறுத்துகிறார். உதடு இறுகுகிறது. மறுபடி தட்டுகளை எடுக்கிறார், மறுபடி நிறுத்துகிறார், கை வாய்க்குப் போகிறது. தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. கடைசியில்தான் அழுகை வருகிறது. எங்கே ஒரு நிலை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. அழக் கூடாது என்று அவர் முயல்வதைத்தான் நாம் பார்க்கிறோம். அழுகையைக் காட்டுவது ஒன்று, அழுகையை அடக்குவதைக் காட்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு முத்திரை எதுவும் கிடையாது.

மே மார்ஷின் கைக்கு ஒரு வேலை இருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தட்டு எடுக்க வேண்டும். அந்த வேலையை மனம் குறுக்கே வந்து தடுக்கிறது. வேலை நிற்கும் இடத்தில் நமக்கு மனம் தெரிகிறது. பழைய நடிப்பில் கை உணர்ச்சியை நேராகச் சொன்னது. புதிய நடிப்பில் கை ஏதோ ஒரு பொருளோடு வேலை செய்ய, உணர்ச்சி அதன் வழியாகக் கசிந்தது. யதார்த்த நடிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்தக் காலப் படங்களை வைத்து நான் சொல்லும் பதில் இவ்வளவுதான்.

மூன்று வருஷத்தில் இது எப்படி நடந்தது? முதலில், கேமரா நெருங்கி வந்தது. நியூயார்க்கில் இருந்த இன்னொரு கம்பெனியான வைட்டாகிராஃபில் கேமராவிலிருந்து ஒன்பது அடி தூரத்தில் ஒரு கோடு போட்டு, நடிகர்களை அதுவரை முன்னால் வரவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே சட்டகத்தில் வெட்டுப்படும். கால் இல்லாத மனிதர்களைக் காட்டுகிறார்கள் என்று சில விமர்சகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் முகம் பெரிதாகிவிட்டது. முகம் பேசத் தொடங்கியதும் கைக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு கிடைத்த கை தட்டு எடுக்கப் போயிற்று.

அடுத்தது எடிட்டிங். இதை அந்த 1909 படத்திலேயே பார்க்கலாம். கணவனாக நடித்த ஆர்தர் ஜான்சன் தன் சின்ன மகளோடு நாடக அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். மேடை ஒரு ஷாட், பார்வையாளர் வரிசை ஒரு ஷாட், மறுபடி மேடை, மறுபடி வரிசை என்று படம் மாறி மாறிப் போகிறது. மேடையில் நடப்பவர்கள் பழைய பாணியில் கைகளை வீசுகிறார்கள். கீழே இருப்பவர் அப்படிச் செய்ய முடியாது. நாற்காலியில், நாலு பேருக்கு நடுவில், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எழுந்து கையை விரிக்க முடியுமா? பார்வை மாறுகிறது, உட்காரும் விதம் மாறுகிறது, மகள் பக்கம் திரும்புகிறார். அவ்வளவுதான். மீதியை வெட்டு சொல்லிவிடுகிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரிவதால், என்ன நினைக்கிறார் என்று கையால் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பழைய நடிப்பும் புதிய நடிப்பும் ஒரே படத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இந்தக் காட்சியை மௌன சினிமா படிக்க வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவேன்.

மேடையும் அப்படியே நின்றுவிடவில்லை. பாரிஸில் ஆந்த்ரே ஆந்துவான் என்ற நாடக இயக்குநர் 1887-இல் தொடங்கிய அரங்கில் உண்மையான இறைச்சித் துண்டுகளை மேடையில் தொங்கவிட்ட நாடகம் உண்டு. மாஸ்கோவில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்ற நாடக இயக்குநர் இயல்பான நடிப்பைத் தேடும் வேலையை 1898-இலேயே தொடங்கிவிட்டார். பிரெஞ்சு மேடையின் பெரிய நடிகர்கள் நடித்து 1908 நவம்பரில் வெளியான, கீஸ் கோமகன் என்ற பிரபுவின் கொலையைப் பற்றிய படத்தில் அடக்கமான அசைவுகளைக் காணலாம். யதார்த்தம் சினிமா கண்டுபிடித்த சரக்கு அல்ல. சினிமா அதற்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

கிரிஃபித்தை மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால் அநியாயம். ஆலிஸ் கீ, உலகின் முதல் பெண் இயக்குநர், 1896 முதலே பிரான்சில் படம் எடுத்தவர். பின்னர் அமெரிக்காவுக்கு வந்து நியூஜெர்ஸியின் ஃபோர்ட் லீயில் தன் சொலாக்ஸ் கம்பெனிக்கு ஸ்டுடியோ கட்டினார். அங்கே நடிகர்கள் கண்ணில் படும்படி, இயல்பாக இருங்கள் என்ற பொருளில் ஒரு பெரிய பலகை மாட்டிவைத்தார். அவருடைய 1912-ஆம் வருஷப் படம் 'ஃபாலிங் லீவ்ஸ்'. அக்காவுக்குக் காசநோய். கடைசி இலை உதிரும்போது அவள் உயிரும் போய்விடும் என்று மருத்துவர் பெரியவர்களிடம் சொல்வது சின்னத் தங்கை டிரிக்ஸியின் காதில் விழுகிறது. இரவில், படுக்கும்போது போட்ட உடையோடு, அவள் தோட்டத்துக்குப் போகிறாள். உதிர்ந்த இலைகளை நூலால் மரக்கிளைகளில் கட்டத் தொடங்குகிறாள்.

டிரிக்ஸியாக நடித்த சிறுமி மாக்டா ஃபாயிடம் சோகத்தைக் காட்டச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே அவளிடம் நூலைக் கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை கவனமாகக் கட்டுகிறது. அதில் நடிப்பு எவ்வளவு, நிஜமாகவே நூல் கட்டும் கவனம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கதை முழுக்க முழுக்க மெலோட்ராமா. அந்த நேரத்தில் அந்தப் பக்கமாக வரும் இன்னொரு மருத்துவர், காசநோய்க்கு மருந்தைக் கண்டுபிடித்தவராகவும் இருக்கிறார்! ஆனாலும் இலை கட்டும் அந்த நிமிஷத்தில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. கதை நம்பும்படி இருப்பதும் நடிப்பு நம்பும்படி இருப்பதும் தனித்தனி விஷயங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இயல்பு என்றால் சின்னதாக நடிப்பது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரிஃபித்தின் 1913 படமான 'தி மதரிங் ஹார்ட்'டில் லில்லியன் கிஷ் நடித்த இளம் மனைவியின் குழந்தை இறந்துவிடுகிறது. அவர் தோட்டத்துக்கு வருகிறார், ஒரு குச்சியை எடுக்கிறார், ரோஜாச் செடிகளை அடித்து நொறுக்குகிறார். 1908-இல் யாரும் செய்ததைவிடப் பெரிய அசைவு அது. உடம்பு முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கை நம்மை நோக்கிப் பேசவில்லை, செடியை அடிக்கிறது. நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. அளவைவிடத் திசைதான் முக்கியம் என்று எனக்குப் புரியவைத்த காட்சி இது.

1912-இல் வந்த 'தி மஸ்கடியர்ஸ் ஆஃப் பிக் அலி' நியூயார்க் சேரியின் ரவுடிக் கும்பல்களைப் பற்றியது. ஸ்னாப்பர் கிட் என்ற ரவுடியாக எல்மர் பூத். எதிரிகளைத் தேடிச் செங்கல் சுவரை ஒட்டிப் பதுங்கி வரும் அவர், கேமராவை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார். கடைசியில் சட்டகத்தில் முகம் மட்டும்தான் மிஞ்சுகிறது. வழக்கமான வில்லன் என்றால் அந்த இடத்தில் பல்லைக் கடித்து முஷ்டியை உயர்த்தியிருப்பார். பூத்தின் கண்கள் மட்டும் வேலை செய்கின்றன. அதே படத்தின் முடிவில், சட்டகத்துக்கு வெளியிலிருந்து யாருடையது என்று தெரியாத ஒரு கை நீண்டு பணத்தை நீட்டுகிறது. முகம்கூட இல்லாத வெறும் கை. அதற்குள் சினிமா எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

பழைய பாணி ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. பல படங்களில் நாயகி புதிய பாணியிலும் அவளுடைய அப்பா பழைய பாணியிலும் நடித்துக்கொண்டிருப்பார்கள். வயதானவர்கள், வில்லன்கள், வேலைக்காரர்கள் ஆகிய பாத்திரங்களில் பழைய சைகைகள் அதிக நாள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்புறம், 1912-இன் இயல்பும் ஒரு வழக்கம்தான். அன்று வாழ்க்கையைப் போலவே இருக்கிறது என்று பார்த்த நடிப்பு இன்று நமக்குக் கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரிகிறது. நம் காலத்தின் முணுமுணுப்பு நடிப்பும் ஐம்பது வருஷம் கழித்து அப்படித் தெரியக்கூடும்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 1912-இன் 'தி நியூயார்க் ஹாட்'. இறந்துபோன தாய் ரகசியமாக விட்டுச்சென்ற பணத்தில் பாதிரியார் ஒரு பெண்ணுக்குப் பத்து டாலர் தொப்பி வாங்கித் தர, ஊரே வம்பு பேசும் கதை. மேரி பிக்ஃபோர்டு நடித்தது, பழகாத கண்ணுக்கும் உடனே பிடிக்கும். அப்புறம் 'ஃபாலிங் லீவ்ஸ்'. அதன் பிறகு, சூடு பிடித்ததும், 'எ டிரங்கர்ட்ஸ் ரிஃபார்மேஷ'னையும் 'புரூட்டாலிட்டி'யையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பாருங்கள். இவற்றின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, இணையத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருந்தால், ஓடும் நேரம் அதிகமாக உள்ளதை எடுங்கள். பெரும்பாலும் சரியான வேகத்தில் ஓடுவது அதுவாக இருக்கும். பின்னணியில் யாரோ சேர்த்த பியானோ நம் மனநிலையை முன்கூட்டியே தீர்மானித்துவிடும். அதனால் முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.